பவளப்பாறைக் குட்டி உளுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி உளுவை என்று எந்த மீனைச் சொல்கிறீர்கள்?

உளுவை என்றதும் கழிமுகச் சேற்றில் படுத்துக் கிடக்கும் விரல்நீள மீன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் குடும்பம் மிகப் பெரியது. கோபிடே எனப்படும் அதில் ஏறக்குறைய 2,000 இனங்கள் உண்டு. அவற்றில் வெப்பமண்டலக் கடலின் பவளப்பாறைகளில் ஒண்டி வாழும், முழுதாக வளர்ந்தாலும் 3 செ.மீ.யைத் தாண்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பேசுவது அவற்றில் ஈவியோட்டா என்ற பேரினத்தைப் பற்றி. 1903இல் மீனியலாளர் ஜென்கின்ஸ் ஹவாய்த் தீவுகளின் மீன் ஒன்றை வைத்து இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். இன்று இதில் 120க்கும் மேற்பட்ட இனங்கள். செங்கடலிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் தொடங்கி, பசிபிக்கின் நடுத்தீவுகள் வரை பரவியிருக்கின்றன. அட்லாண்டிக்கில் ஒன்றுகூட இல்லை.

உலகின் மிகச் சிறிய மீன் இதுதானா?

இல்லை, ஆனால் அந்தப் பந்தயத்தில் ஓடுபவை இதன் நெருங்கிய உறவுகள். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்திலிருந்து 1981இல் விவரிக்கப்பட்ட டிரிம்மட்டாம் நானஸ் என்ற உளுவை 8 முதல் 10 மி.மீ. நீளத்திலேயே முட்டையிடும். 2004இல் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ஷிண்ட்லீரியா பிரெவிபிங்குயிஸ் அதைவிடவும் சிறியது. பெண் மீன் 8 மி.மீ. சுற்றளவில் முதிர்ந்துவிடுகிறது. ஈவியோட்டா இனங்கள் பெரும்பாலும் 1 முதல் 2.5 செ.மீ. வரை. இரண்டு அரிசி மணியிலிருந்து நான்கு அரிசி மணி வரை வரிசையாக வைத்த நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏதோ பெரிய மீனின் குஞ்சு என்று தவறாக நினைத்துவிட மாட்டோமா?

பலரும் அப்படி நினைத்துத்தான் கடந்துபோகிறார்கள். நடத்தையைக் கவனித்தால் குழப்பம் தீரும். மற்ற மீன்களின் குஞ்சுகள் நீந்திக்கொண்டே இருக்கும். குட்டி உளுவை பவளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். வயிற்றுத் துடுப்பு இரண்டையும் முட்டுக்கொடுத்தாற்போல ஊன்றி, தலையைச் சற்றே தூக்கி வைத்திருக்கும். திடீரென்று 5, 10 செ.மீ. தாவும், மறுபடி உட்காரும். வளர்ந்த உளுவைகள் பலவற்றில் காற்றுப்பை சுருங்கியோ இல்லாமலோ இருப்பதால் நீரில் மிதந்து நிற்பது அவற்றுக்குச் செலவு பிடிக்கும் வேலை. விதிவிலக்கும் உண்டு. ஈவியோட்டா பைஃபாசியாட்டா கிளைப் பவளங்களுக்குச் சற்று மேலே கூட்டமாக அந்தரத்தில் நிற்கும்.

இன்னொரு நல்ல அடையாளம் அந்த வயிற்றுத் துடுப்பேதான். உளுவைக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வயிற்றுத் துடுப்பும் ஒட்டி ஒரு கிண்ணம் போல ஆகியிருக்கும், அதை வைத்து அவை பாறையைப் பற்றிக்கொள்ளும். ஈவியோட்டாவில் இரண்டும் தனித்தனி. கதிர்கள் இறகு போலப் பிரிந்து கிளைத்திருக்கும். முதுகில் இரண்டு துடுப்புகள், முன்துடுப்பில் 6 முட்கள்.

ஒரு படத்தை வைத்து எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

சில இனங்களுக்கு முடியும், பலவற்றுக்கு முடியாது. இனத்தைப் பிரிக்கும் குணங்கள் தலையிலுள்ள உணர்துளைகளின் அமைப்பு, மார்புத் துடுப்புக் கதிர்கள் கிளைத்திருக்கின்றனவா இல்லையா, இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் எத்தனை கதிர், குதத் துடுப்பின் அடியோரமாகத் தோலுக்குக் கீழே தெரியும் கரும்புள்ளிகள் எத்தனை என்பவை. இவற்றில் முதலிரண்டையும் நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

உயிரோடிருக்கும் மீனின் நிறம் பெரிய உதவி. உடல் கண்ணாடி போல இருப்பதால் முதுகெலும்பின் மேலுள்ள வெள்ளைக் கோடுகளும், குடலைப் போர்த்திய சவ்வின் நிறமும் வெளியிலிருந்தே தெரியும். பாதுகாப்புத் திரவத்தில் போட்ட சில நாட்களில் இந்த நிறங்கள் போய்விடும். பழைய அருங்காட்சியக மாதிரிகளில் ஒரே இனம் என்று வைத்திருந்தவை, உயிரோடு எடுத்த படங்களையும் மரபணுவையும் ஒப்பிட்ட பிறகு இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. ஆகவே படம் எடுப்பவர்கள் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்த நிலையில், கண்ணுக்குப் பின்னாலும் மார்புத் துடுப்பின் அடியிலும் உள்ள புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி எடுப்பது நல்லது. மேலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கலாம், அடையாளத்துக்கு உதவாது.

பவளப்பாறையில் சரியாக எந்த இடத்தில் வாழ்கிறது?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதி உயிரியல் புரிந்துவிடும். "பவளப்பாறை" என்பது இந்த மீனுக்கு மிகப் பெரிய சொல். அது வாழ்வது பாறையில் அல்ல, பாறையின் ஏதோ ஒரு கையகல இடத்தில். சில இனங்களுக்கு உடைந்த பவளத்துண்டுகள் குவிந்த தரை வேண்டும். அந்தத் துண்டுகளின் இடுக்குகள் விரல் நுழையும் அளவில் இருக்க வேண்டும், மணல் அடைத்துப்போயிருக்கக் கூடாது. சில இனங்கள் உருண்டை வடிவப் பெரும்பவளத்தின் உயிருள்ள மேற்பரப்பில் வெயில்படும் பக்கத்திலேயே உட்காரும். சில, பவளத்தின் அடியில் மணல் சேர்ந்த ஓரத்தில். வேறு சில கடற்பஞ்சின் மேல். பாசிப்புல் படர்ந்த செத்த பவளத்தில் வாழ்பவை தனி.

அலை அடிக்கும் ஓரம், பாறைத் திட்டின் சமதளம், உள்வாவி, வெளிச்சரிவு என்று ஒவ்வொரு பகுதிக்கும் இனங்கள் மாறும். ஓதம் வற்றும்போது தேங்கும் குட்டைகளிலிருந்து, முக்குளிப்பவர்கள் வழக்கமாகப் போகும் ஆழத்துக்குக் கீழே வரைக்கும் உண்டு. ஒரு மீன் தன் வளர்ந்த வாழ்நாள் முழுவதையும் ஒன்றிரண்டு சதுர மீட்டருக்குள்ளேயே கழித்துவிடும். அதனால், பக்கத்துப் பாறையில் பார்த்த இனம் இங்கே ஏன் இல்லை என்று கேட்பவர்கள், முதலில் இடுக்கின் அளவையும் அங்கே படிந்த மண்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீரின் தன்மை இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

59 நாள்தான் ஆயுள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு, கடலில் பிடித்த மீன்களில் கண்ட உச்ச வயது. இனத்தின் பெயர் ஈவியோட்டா சிகிலாட்டா. ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப்சின்ஸ்கியும் பெல்வுட்டும் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. முதுகெலும்புள்ள உயிர்களில் அதுவரை பதிவான ஆயுட்காலங்களில் இதுவே மிகக் குறைவானது.

அந்த 59 நாள் இப்படிப் போகிறது. முதல் மூன்று வாரத்துக்குச் சற்று மேல் கடல்நீரில் மிதக்கும் லார்வாவாக, அதாவது முட்டையிலிருந்து பொரிந்த இளம்பருவக் குஞ்சாக. பிறகு பாறையில் இறங்கி, ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முதிர்ச்சி. மீதி மூன்றரை வாரம்தான் வளர்ந்த மீனாக வாழும் காலம். அந்த அவகாசத்தில் ஒரு பெண் மீன் மூன்று முறை, மொத்தம் ஏறக்குறைய 400 முட்டை இடும். ஆண்டுக்கு ஏழு தலைமுறை வந்துபோகும்.

மற்ற இனங்களும் அதிக தூரம் போவதில்லை. அதே ஆய்வாளர்கள் பார்த்த ஈவியோட்டா குயின்ஸ்லாண்டிகா, ஈவியோட்டா மெலாஸ்மா இரண்டுமே 100 நாளை எட்டவில்லை. பலாவ் தீவுகளில் ஆராய்ந்த டிரிம்மா நாசா என்ற இன்னொரு குட்டி உளுவையின் உச்ச வயது 87 நாள்.

இத்தனை துல்லியமாக நாளை எப்படி எண்ணினார்கள்?

மீனின் உள்காதில் சுண்ணாம்பாலான செவிக்கல் இருக்கிறது. தினமும் ஒரு படலம் அதன்மேல் படியும், மரத்தின் ஆண்டு வளையம் போல இது நாள் வளையம். அரிசி அளவு மீனின் செவிக்கல் மணல்துகளைவிடச் சிறியது. அதை வெளியே எடுத்து, கண்ணாடித் துண்டில் பிசின் வைத்து ஒட்டி, நடுக்கரு தெரியும் வரை நுண்ணிய தாளில் தேய்த்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கூடுதலாகத் தேய்த்தால் நடு வளையங்கள் அழியும், குறைவாகத் தேய்த்தால் ஓர வளையங்கள் மங்கும். ஒரே கல்லைப் பலமுறை எண்ணி ஒத்துப்போனால் மட்டுமே கணக்கில் சேர்ப்பார்கள். லார்வாப் பருவம் முடிந்து பாறையில் இறங்கிய நாளில் வளையங்களின் இடைவெளி சட்டென மாறும். அந்தக் குறியை வைத்துத்தான் மிதந்த நாளையும் பாறையில் வாழ்ந்த நாளையும் பிரிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது?

பெரும்பாலானவை முதுமை வரும்வரை காத்திருப்பதில்லை, அதற்குள் தின்னப்பட்டுவிடுகின்றன. இந்த இனங்களில் ஒரு நாளைக்கு 2 முதல் 8 சதவீதம் வரை சாவு கணக்கிடப்பட்டிருக்கிறது. சதவீதமாகச் சொன்னால் சிறிதாகத் தெரியும், கூட்டிப் பாருங்கள். தினம் 7 சதவீதம் போகிறது என்று வைத்தால், பாறையில் இறங்கிய 100 மீனில் 10 நாளில் பாதிதான் மிஞ்சும். 30 நாளில் 11 மிஞ்சும்.

இப்படிப்பட்ட இடத்தில் மெதுவாக வளர்ந்து பெரிதாகிப் பிறகு முட்டையிடலாம் என்று காத்திருக்கும் மீனுக்குச் சந்ததி இருக்காது. அதனால்தான் சீக்கிரம் முதிர்வதும், சிறிய உடலோடேயே இனம்பெருக்குவதும். பெரும்பாலான மீன்கள் முதிர்ந்ததும் வளர்ச்சி மந்தமாகும். ஈவியோட்டா சாகும் நாள்வரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்துகொண்டே போகிறது. வளைந்து தட்டையாகும் அளவுக்கு அதன் வளர்ச்சிக் கோட்டுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இனப்பெருக்கம் எப்படி நடக்கிறது? முட்டையை யார் காக்கிறார்கள்?

ஆண் மீன் ஓர் ஓட்டையைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்யும். காலியான கொட்டலசு ஓடு, புழுக்குழல், பவளத்துண்டின் அடிப்புறக் குழி, எதுவாகவும் இருக்கலாம். பெண் வந்து முட்டைகளை ஓர் அடுக்காக ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டைகள் மெல்லிய இழைகளால் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும். அதன்பின் காவல் ஆணுடையது. மார்புத் துடுப்பால் விசிறிப் புது நீரைப் பாய்ச்சும், நெருங்கும் சிறு உயிர்களை விரட்டும். சில நாட்களில் குஞ்சு பொரிந்து கடலில் கலக்கும்.

வெறும் 400 முட்டை என்பது கடல்மீனுக்கு மிகக் குறைவு. மிதக்கும் முட்டை இடும் மீன்கள் லட்சக்கணக்கில் இடும். ஒன்றரை செ.மீ. உடலில் அதற்கு இடமில்லை. எண்ணிக்கையில் ஈடுகட்ட முடியாததை, காவல் வைத்து முட்டைச் சேதத்தைக் குறைப்பதன் மூலம் ஈடுகட்டுகிறது. ஆகவே ஒரு பவளத்துண்டைப் புரட்டிப் போடுபவர் சில சமயம் ஓர் ஆண் மீனின் வாழ்நாள் உழைப்பையே வெளிச்சத்தில் வீசிவிடுகிறார். புரட்டினால் அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரிப்பது?

குதத்துக்குப் பின்னாலுள்ள சிறு மொட்டைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு ஒல்லியாகவும் நீண்டும், பெண்ணுக்குக் குட்டையாகவும் உருண்டும் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இல்லாமல் தெரியாது. சினைப்பட்ட பெண்ணின் வயிற்றில் முட்டைகள் தோலின் வழியாகவே தெரியும்.

பால் மாறும் என்கிறார்களே?

உறவினரான டிரிம்மா ஒகினாவே அதற்குப் பேர்போனது. கூட்டத்தில் பெரிய மீன் ஆணாக இருக்கும். அதைவிடப் பெரிய ஆணோடு சேர நேர்ந்தால் சில நாட்களில் மறுபடி பெண்ணாகிவிடும். ஈவியோட்டாவில் பொதுவாக ஆணும் பெண்ணும் தனித்தனி. ஹவாயின் ஈவியோட்டா எபிஃபேன்ஸ் போன்ற சிலவற்றில் ஒரே மீனுக்குள் இரு பாலின் திசுவும் இருப்பது பதிவாகியிருக்கிறது.

என்ன சாப்பிடுகிறது?

முக்கியமாகத் தரையோடு ஒட்டி ஊரும் கோப்பிபாட் எனும் நுண்ணிய ஓட்டுயிரிகள், அவற்றோடு ஒத்த அளவுள்ள சிற்றுயிர்கள். சில இனங்கள் பாசிப்புல்லில் படிந்த மக்கையும் சேர்த்துக் கொத்தும். கண்ணால் பார்த்துக் கொத்தும் மீன் என்பதால் பகலில்தான் வேட்டை. இருட்டத் தொடங்கியதும் இடுக்குக்குள் போய்விடும்.

இவ்வளவு சிறிய மீனால் பவளப்பாறைக்கு என்ன பயன்?

பாறையின் உணவுச் சங்கிலியில் ஒரு பெரிய இடைவெளியை இவைதான் நிரப்புகின்றன. கோப்பிபாட் அளவுள்ள இரையைப் பெரிய மீன்கள் பிடிப்பதில் லாபமில்லை. குட்டி உளுவை அதைத் தின்று தசையாக்குகிறது, களவாக்குஞ்சுகளும் மற்ற வேட்டை மீன்களும் அதைத் தின்கின்றன. 2019இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த பிராண்டில் குழுவினரின் ஆய்வு, 5 செ.மீ.க்குட்பட்ட இந்த மறைவுவாழ் மீன்கள், பாறையில் தின்னப்படும் மீன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தருவதாகக் கணக்கிட்டது. எந்த நேரத்திலும் எடைபோட்டால் இவை மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் தின்னத் தின்ன மறுபடி நிரம்பிவிடும்.

எப்படி நிரம்புகிறது என்பதற்கும் அதே ஆய்வு விடை தந்தது. பெரும்பாலான மீன்களின் லார்வாக்கள் நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கேயே அழிகின்றன. மறைவுவாழ் மீன்களின் லார்வாக்கள் பிறந்த பாறையின் அருகிலேயே தங்கிவிடுகின்றன. கரையோர நீரில் வலையிட்டால் லார்வாக்களில் இவைதான் மிகுதி.

நீருக்கடியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீந்துவதை நிறுத்த வேண்டும். நீந்திக்கொண்டே தேடுபவர் கண்ணுக்கு இது படாது. மணல் தரைக்குச் சற்று மேலே, பவளத்தைத் தொடாமல், ஒரே இடத்தில் மிதந்து நில்லுங்கள். ஒரு சதுர மீட்டரைத் தேர்ந்தெடுத்து 10 முதல் 15 நிமிடம் அதை மட்டும் பாருங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது, உங்கள் வருகையால் எல்லாம் உள்ளே போயிருக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தலை நீட்டும்.

சிறு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கண்ணாடி உடலைவிட அதன் நிழலும் கண்ணின் சிவப்பும் முதலில் தெரியும். நேராக அடித்தால் ஓடிவிடும். படத்துக்கு 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வேண்டும். துடுப்பை உதறி மணலைக் கிளப்பினால் அந்த இடத்தில் அன்றைக்கு வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், இடுக்குகளில் மண் இறங்கிவிடும்.

கணக்கெடுப்புகளில் இந்த மீன் ஏன் எப்போதும் குறைவாகவே வருகிறது?

நாடா விரித்து நீந்திக்கொண்டே எண்ணும் முறை பெரிய மீன்களுக்கானது. பாறையில் உள்ள மீன் தலைகளில் ஏறக்குறைய பாதி மறைவுவாழ் மீன்களுடையவை, அந்த முறையில் அவற்றின் பெரும்பகுதி விட்டுப்போகும். ஆய்வுக்குச் செய்வது வேறு. ஒரு சிறு பரப்பை நுண்கண் வலையால் மூடி, ஓரங்களைச் சங்கிலி வைத்து அழுத்தி, ஒரு பங்கு கிராம்பு எண்ணெயை ஐந்து பங்கு எத்தனாலில் கரைத்து உள்ளே தெளித்து, மயங்கும் மீன்களைச் சிறு இடுக்கியால் பொறுக்குவார்கள். வலையின் ஓரம் சரியாக மூடாவிட்டால் மீன் நழுவிவிடும், கணக்கு பொய்யாகும். அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. அழகுமீன் பிடிப்பதற்கு எந்த மயக்கமருந்தையும் பவளத்தில் தெளிக்கக் கூடாது.

பவளம் வெளுத்துச் செத்தால் என்ன ஆகும்?

மீன்களின் எண்ணிக்கை குறையாமலே இருக்கலாம், அதுதான் ஏமாற்றும் விஷயம். ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் 1998 வெளுப்புக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் குட்டி மீன்களைக் கணக்கெடுத்தார்கள். மொத்த எண்ணிக்கை மீண்டது, கூட்டத்தின் சேர்க்கை மீளவில்லை. உயிருள்ள பவளத்தை நம்பியவை குறைந்து, எங்கும் பிழைக்கக் கூடியவை அந்த இடத்தைப் பிடித்தன. உடைந்த துண்டுகளையும் பாசியையும் விரும்பும் ஈவியோட்டாக்களுக்குக் கொஞ்ச காலம் நல்ல காலம்கூட வரலாம். பிறகு துண்டுகள் இன்னும் நொறுங்கி, இடுக்குகள் மணலால் அடைபட்டால் அவையும் போகும். மீன் நிறைய இருக்கிறது, பாறை நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்வது தவறு. எந்த இனங்கள் என்று பார்க்க வேண்டும்.

தொட்டியில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், இரண்டு விஷயத்தை ஒப்புக்கொண்டால். ஒன்று, விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. கைக்கு வரும்போதே ஆயுளில் பாதி கழிந்திருக்கலாம். வேட்டை மீன் இல்லாத தொட்டியில் கடலைவிட நீண்ட நாள் வாழ வாய்ப்புண்டு, என்றாலும் ஆண்டுக்கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு, இந்த மீனுக்காகவே ஒரு தொட்டி வைக்க வேண்டும். பெரிய தொட்டியில் மற்ற மீன்களோடு விட்டால் ஒரு வாரத்தில் காணாமல் போகும், எங்கே போனது என்றுகூடத் தெரியாது.

தொட்டி எப்படி அமைக்க வேண்டும்?

ஒரு ஜோடிக்கு 20 லிட்டர் போதும் என்பார்கள். மீனுக்குப் போதும், நீரின் நிலைப்புக்குப் போதாது. 20 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 36.8 ஆகிவிடும். 40 லிட்டரில் அதே இழப்பு 35.9 வரைதான் ஏற்றும். எந்த அளவானாலும் ஆவியான நீருக்கு உப்பில்லாத தூய நீரைத் தினமும் ஊற்ற வேண்டும்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026, பி.எச். 8.1 முதல் 8.4. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே. வடிகட்டிக்குக் காற்றில் இயங்கும் பஞ்சு வடிகட்டியே பாதுகாப்பானது. பம்பு வைத்தால் உறிஞ்சும் வாயை நுரைப்பஞ்சால் மூட வேண்டும். தொட்டி நீர் வடிகட்டி அறைக்கு வழியும் வாயிலுள்ள சீப்புப் பற்களின் இடைவெளி வழக்கமாக 5, 6 மி.மீ. இருக்கும், குட்டி உளுவை தாராளமாக நுழைந்து போய்விடும். 1.5 மி.மீ. கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். மேல் மூடிக்கும் அதே வலை.

தரையில் 2 முதல் 5 செ.மீ. நீளப் பவளத்துண்டுகளைக் கையளவு குவியல்களாகப் போடுங்கள், அழகுக்கு அல்ல, இடுக்குக்காக. கொட்டலசு ஓடுகள் கிடைத்தால் நான்கைந்து வைக்கலாம்.

இவையெல்லாம் முடிந்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும். டிஸ்பி வகைக் கோப்பிபாட்டை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை விடுங்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கால் கண்ணாடியைப் பாருங்கள். நகரும் வெள்ளைப் புள்ளிகள் எங்கு பார்த்தாலும் தெரிந்தால் தொட்டி தயார். ஒன்றிரண்டுதான் தெரிகிறது என்றால் இன்னும் பொறுங்கள். மீன் வளர்ப்பில் கடினமான வேலை இப்படிப் பொறுத்திருப்பதுதான், இதைத் தாண்டியவர்களுக்கு மற்றது எளிது.

தினசரி உணவு என்ன? ஆர்ட்டீமியா எப்படிப் பொரிப்பது?

கோப்பிபாட் இருந்தாலும் நாளைக்கு இரண்டு மூன்று முறை கையால் கொடுக்க வேண்டும். இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு கிடையாது, இரண்டு நாள் பட்டினி தாங்காது. உறைந்த சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு கோப்பிபாட்), புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் ஓட்டுயிரியின் குஞ்சு இரண்டும் வாய்க்கு ஏற்ற அளவு.

ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பு, 2 கிராம் ஆர்ட்டீமியா முட்டை. கூம்பு வடிவப் பாத்திரம் அல்லது தலைகீழாக வைத்த புட்டி, அடியிலிருந்து பலமான காற்று, 26 முதல் 28 டிகிரி, மேலே வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் 10 நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் அடியில் சேரும். அடியிலிருந்து மெல்லிய குழாயால் இழுத்து, நுண்கண் துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்துவிட்டால் மீனின் குடலில் அடைக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆர்ட்டீமியா தன் கருவுணவைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது, அடுத்த நாள் வரை வைத்தால் அளவு பெரிதாகும், சத்து குறையும்.

நீண்ட குழாயால் மீன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு 5 செ.மீ. முன்னால் விடுங்கள். அந்த நேரம் நீரோட்டத்தை நிறுத்துங்கள், 10 நிமிடத்தில் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

எவையெல்லாம் தவறாகப் போகும்?

வயிறு உள்வாங்கித் தலை பெரிதாகத் தெரிந்தால் பட்டினி. உணவு போடுகிறேனே என்று பலர் சொல்வார்கள். உணவு மீனை அடைந்ததா என்பதுதான் கேள்வி. நீரோட்டம் அதை வடிகட்டிக்குக் கொண்டுபோயிருக்கும்.

மீன் காணவில்லை என்றால் முதலில் வடிகட்டி அறையையும் தொட்டிக்குப் பின்பக்கத் தரையையும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உடன்வாசிகளைச் சந்தேகிக்க வேண்டும். ஆறுவரி ராஸ், டாட்டிபேக், ஹாக்ஃபிஷ் போன்ற மீன்கள், பெரிய நண்டு, கடல் சாமந்தி எல்லாமே இதைத் தின்னும். சிறு நத்தையும் சிறு துறவி நண்டும் பிரச்சினை தருவதில்லை.

கொண்டுவந்த நாளிலேயே இறப்பதற்குப் பெரும்பாலும் உப்பு வித்தியாசமே காரணம். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, பிறகு பை நீரின் ஒப்படர்த்தியை அளந்து பாருங்கள். வேறுபாடு 0.002க்கு மேல் இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வலையில் பிடிக்காமல் சிறு கோப்பையில் மொண்டு மாற்ற வேண்டும், வலையின் கண்ணில் துடுப்பு சிக்கினால் கிழிந்துவிடும்.

தொட்டியில் முட்டையிட்டால் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியுமா?

முட்டையிடச் செய்வது கடினமில்லை. குஞ்சுகளை வளர்ப்பது மிகக் கடினம். லார்வாவின் வாய் அவ்வளவு சிறியது. குஞ்சு மீன்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரி 100 மைக்ரானுக்கு (0.1 மி.மீ.) மேல், அதனால் விழுங்க முடியாது. ஆர்ட்டீமியா அதைவிடப் பல மடங்கு பெரிது. பார்வோகலானஸ் என்ற மிதக்கும் கோப்பிபாட்டின் முதல்நிலைக் குஞ்சுகள் மட்டுமே சரியான அளவில் கிடைப்பவை. அவற்றை வளர்க்க உயிருள்ள நுண்பாசி வேண்டும். ஆகவே வரிசை இது: முதலில் பாசி, அது நிலைத்தபின் கோப்பிபாட், அதுவும் நிலைத்தபின் மீன் ஜோடி. முட்டையைப் பார்த்த பிறகு பாசி வளர்க்கத் தொடங்கினால் நேரம் போதாது.

பொரிவு பொதுவாக இருட்டும் வேளையில் நடக்கும். விளக்குகளை அணைத்து, ஒரு மூலையில் மட்டும் சிறு வெளிச்சம் வைத்தால் லார்வாக்கள் அங்கே திரளும். குழாயால் உறிஞ்சாமல் கோப்பையால் மொண்டு, பக்கங்கள் கறுப்பாக்கப்பட்ட தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கண்ணாடிச் சுவரில் ஒளி பட்டால் லார்வாக்கள் அதில் மோதி மோதியே சோர்ந்து செத்துவிடும். காற்றுக் குமிழ் நொடிக்கு ஒன்றிரண்டு போதும். கோப்பிபாட் குஞ்சுகள் எப்போதும் நீரில் இருக்கும்படி நாளுக்கு இருமுறை சேர்க்க வேண்டும், பாசியால் நீர் லேசாகப் பச்சையாக இருக்க வேண்டும். லார்வாக்களின் வயிற்றில் இரை இருக்கிறதா என்று தினமும் பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். உடல் கண்ணாடி என்பதால் நிரம்பிய குடல் கறுத்த புள்ளியாகத் தெரியும். மூன்றாம் நான்காம் நாளில் மொத்தமாகச் சாவது பெரும்பாலும் கருவுணவு தீர்ந்தும் வாய்க்கு இரை எட்டாததால்தான். அந்த நாளைத் தாண்டியவற்றை மூன்று நான்கு வாரம் கொண்டுசென்றால், ஒருநாள் காலை அவை மிதப்பதை விட்டு அடியில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கே சிறு பவளத்துண்டுகளையும் டிஸ்பியையும் உள்ளே வைத்துவிடுங்கள்.